இருபத்தெட்டு வயதில் இரண்டு சிம்மாசனங்கள்

ஐரோப்பாவின் வடகோடியில், ருஷ்யாவுக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே அகப்பட்டுக் கொண்டிருக்கும் சிறு தேசம் பின்லாந்து. அதன் ஜனத்தொகை மொத்தம் சுமார் 56 லட்சந்தான். ஏரிகளும் ஊசியிலைக் காடுகளும் நிறைந்த நாடு. டிசம்பர் மாதத்தில் தலைநகராகிய ஹெல்சிங்கியிலேயே பிற்பகல் மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இந்தத் தேசம் மரத்தையும் காகிதத்தையும் கப்பலேற்றி வெளிநாடுகளுக்கு அனுப்பிப் பிழைத்து வந்தது என்று பூகோள புத்தகங்களில் படித்திருக்கிறோம். ஆனால் சென்ற நாற்பது வருஷங்களாகப் பின்லாந்திலிருந்து இன்னொரு சரக்கும் உலகெங்கும் ஏற்றுமதியாகி வருகிறது. அதற்குப் பெயர் கண்டக்டர்!

கண்டக்டர் என்றதும் நம்மவர்களுக்குத் தோல் பையும் டிக்கெட்டுக் கட்டும் ஞாபகம் வருவது இயற்கையே. நாம் சொல்வது அந்தக் கண்டக்டரை அல்ல. மேல்நாட்டுச் சங்கீத சபைகளில், நூறு வித்வான்கள் அடங்கிய வாத்திய கோஷ்டிக்கு முன்னால், ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் ஒரு சிறு கோலுடன் நிற்பாரே, அந்தக் கண்டக்டரைத்தான் சொல்கிறோம்.

1996-ம் வருஷம் ஜனவரி மாதம் 17-ந் தேதி ஹெல்சிங்கியில் பிறந்த க்ளாவ்ஸ் மாக்கெலா என்னும் இளைஞர் இந்த வரிசையில் வந்தவர். 2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரின் பிரசித்தி பெற்ற கான்ஸெர்ட்கெபௌ கோஷ்டியார், 2027 முதல் தங்களுக்கு இவரே தலைமைக் கண்டக்டர் என்று அறிவித்தார்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் சிகாகோ ஸிம்பொனி கோஷ்டியாரும், அதே 2027 முதல் தங்களுடைய சங்கீத டைரக்டர் பதவி இவருக்கே என்று அறிவித்தார்கள். அப்போது அவருக்கு வயது 28. மேல்நாட்டுச் சங்கீத உலகில் மிக உயர்ந்தவை என்று எண்ணப்படும் பதவிகளை விரல் விட்டு எண்ணினால், அவற்றில் இந்த இரண்டும் கட்டாயம் இடம் பெறும். ஒரே மனிதர், இந்தப் பிராயத்தில், இரண்டையும் ஒருங்கே அடைவதென்பது சாதாரண விஷயம் அல்ல. இது யோக்கியதைக்குக் கிடைத்த பரிசா, அல்லது இளமையின் கவர்ச்சிக்குக் கிடைத்த பரிசா என்று அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள். அந்த விவாதத்தை நாமும் சற்று ஆராயலாம்.

கோல் பிடித்தவரின் வேலை என்ன?

வாசிப்பவர்கள் எல்லாரும் தேர்ந்த வித்வான்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஸ்வரக் குறிப்புத் தாள் விரித்து வைத்திருக்கிறது. அப்படியிருக்க, வாயால் பாடாமலும் கையால் வாத்தியம் எதையும் தொடாமலும் நிற்கிற ஓர் ஆசாமிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம்.

நம்முடைய கச்சேரியில் நாலைந்து பேர் அருகருகே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கிறார்கள். கண் ஜாடையிலேயே காரியம் நடந்துவிடும். மேல்நாட்டுக் கோஷ்டியிலும் ஆதியில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. முதல் பிடில்காரரோ, ஹார்ப்ஸிகார்ட் வாசிப்பவரோ தலையை அசைத்து மற்றவர்களை நடத்திச் செல்வார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோஷ்டி பெருகிக்கொண்டே போயிற்று. முன்வரிசைப் பிடிலுக்கும் பின்வரிசை எக்காளத்துக்கும் இடையே பல கஜ தூரம் ஏற்பட்டது. ஒருவர் வாசிப்பது இன்னொருவர் காதில் சற்றுத் தாமதித்தே விழும். ஆகவே எல்லாரும் காதை நம்புவதை விட்டு ஒரே கையைப் பார்த்து வாசிக்க வேண்டிய அவசியம் உண்டாயிற்று.

வலக்கை தாளத்தைக் காட்டுகிறது. இடக்கை ஓசையை ஏற்று, இறக்கு, இழை என்று சொல்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்டக்டருடைய கை எப்போதும் இனி வரப்போகும் ஸ்வரத்தைக் காட்டுகிறது. அவர் காதில் விழுவதோ சற்று முன் காட்டிய ஸ்வரம். எதிர்காலத்தைக் கையாலும் சென்ற காலத்தைக் காதாலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும். அவர் முன்னால் இருக்கும் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் இருபது முப்பது வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி வரி. எல்லாவற்றையும் கண் ஒரே நோக்கில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் வித்தையின் வெளிப்புறந்தான். உள்ளே இருப்பது வேறு. எதிரே உட்கார்ந்திருக்கும் நூறு பேரில் பலர் கண்டக்டர் பிறப்பதற்கு முன்பே அந்த ஆசனத்தில் அமர்ந்து வாசிக்கத் தொடங்கியவர்கள். ஒத்திகை தொடங்கிப் பத்து நிமிஷத்துக்குள் வந்திருப்பவருக்குச் சரக்கு இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடித்து விடுவார்கள். அவர்களை மிரட்டி வேலை வாங்கிய காலம் ஒன்று இருந்தது, அது மலையேறிவிட்டது. இன்று அவர்களாக மனம் ஒப்பினால்தான் உண்டு.

எட்டிப் பார்த்த பையன்

மாக்கெலாவின் தகப்பனார் செல்லோ என்னும் பெரிய பிடில் வாத்தியத்தில் வல்லவர். தாயார் பியானோ வித்வாம்ஸினி. ஆகவே வீட்டில் சங்கீதத்துக்குப் பஞ்சமில்லை. பையன் பின்லாந்து தேசிய ஆபெரா நாடக சாலையில் குழந்தைகள் கோஷ்டியில் சேர்ந்து பாடினான். ஏழாவது வயதில் பீஸே என்பவர் இயற்றிய 'கார்மென்' நாடகத்தில் மேடையேறினான். மேடைக்குக் கீழே பள்ளத்தில் நின்று நாடகம் முழுவதையும் நடத்தி வைத்த கண்டக்டரிடமே அவன் மனம் சென்றது. பெரியவனானால் அந்த வேலையைத்தான் செய்வது என்று தீர்மானித்துக் கொண்டான்.

ஏழு வயதில் எல்லாக் குழந்தைகளும் ஏதாவது தீர்மானம் செய்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எட்டாவது வயதுக்கு முன்பே மறைந்துவிடுகின்றன. இந்தப் பையனுடைய தீர்மானம் மறையாததற்குக் காரணம், அவன் பிறந்த ஊரில் அதற்கு ஒரு பள்ளிக்கூடமும் ஒரு குருவும் இருந்ததுதான். பன்னிரண்டாவது வயதில் அவன் ஸிபேலியுஸ் அகாதெமியில் யோர்மா பானுலா என்னும் ஆசிரியரிடம் கண்டக்டர் வித்தை பயிலத் தொடங்கினான். கூடவே செல்லோ வாத்தியத்திலும் கடுமையாகச் சாதகம் செய்து, பாலியம் கழியுமுன்பே ஹெல்சிங்கி பில்ஹார்மோனிக் கோஷ்டியில் அவ்வப்போது ஒருவராக உட்கார்ந்து வாசித்தான். பிற்காலத்தில் கோஷ்டியை ஆளப் போகிறவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. கோல் பிடித்தவர்களில் யார் வித்வான்களுக்கு உதவி செய்கிறார், யார் வீணாகக் கையை ஆட்டுகிறார் என்பது நடுவில் உட்கார்ந்து வாசிப்பவனுக்குத்தான் தெரியும்.

பானுலாவின் பட்டறை

யோர்மா பானுலா 1930-ம் வருஷம் பிறந்தவர். 1973 முதல் 1993 வரை ஸிபேலியுஸ் அகாதெமியில் கண்டக்டர் வகுப்பை நடத்தினார். அதன் பிறகும் போதிப்பதை விடவில்லை. மற்ற நாடுகளில் இந்த வித்தையைக் கற்பவர்கள் வெகுகாலம் ஒரு பியானோவுக்கு முன்னால் நின்று கையை வீசிப் பழகுவார்கள். உண்மையான கோஷ்டி அவர்களுக்கு எப்போதாவதுதான் கிடைக்கும். நீச்சல் பழகத் தரையில் படுத்துக் கையைக் காலை அடித்துக்கொள்வது போன்றது அது. பானுலா தம் வகுப்புக்கென்று ஒரு சிறு வாத்திய கோஷ்டியையே வைத்துக்கொண்டார். மாணாக்கர்களே அதில் வாசிப்பார்கள். முறை வரும்போது எழுந்து வந்து நடத்துவார்கள். அதைச் சலனப் படமாகப் பிடித்து, பின்னர் மாணவனுக்கே போட்டுக் காட்டுவார்கள். ஆசிரியர் அதிகம் பேசமாட்டார். தன்னுடைய அநாவசியமான அசைவுகளையெல்லாம் திரையில் பார்த்துத் தானே வெட்கப்படும் மாணவனுக்கு வேறு உபதேசம் எதற்கு?

இந்தப் பட்டறையில் உருவானவர்களின் ஜாபிதா நீளமானது. ஈஸா-பெக்கா ஸலோனன் 1992 முதல் 2009 வரை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக் கோஷ்டிக்குத் தலைவராக இருந்தார். ஓஸ்மோ வான்ஸ்கா 2003 முதல் 2022 வரை மின்னஸோட்டா கோஷ்டியை நடத்தினார். ஸகாரி ஓராமோ 1998-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரக் கோஷ்டியில் ஸைமன் ராட்டிலுக்கு அடுத்தபடி அமர்ந்தார். மிக்கோ பிராங்க் 2015-லிருந்து பத்து வருஷம் பிரெஞ்சு ரேடியோவின் பில்ஹார்மோனிக் கோஷ்டிக்குத் தலைமை வகித்தார்.

குருவிடம் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2014-ல் பானுலா ஒரு பேட்டியில், பெண்கள் கண்டக்டர்களாக வருவதைப் பற்றி இளக்காரமாகப் பேசிப் பலத்த கண்டனத்துக்கு ஆளானார். அவரிடமே பயின்ற ஸுஸன்னா மால்க்கி என்னும் பெண்மணி 2016 முதல் 2023 வரை ஹெல்சிங்கி பில்ஹார்மோனிக் கோஷ்டிக்குத் தலைமை வகித்தார். அந்தப் பதவியை ஏற்ற முதல் பெண்மணி அவர்தான். குருவின் வார்த்தைக்கு அவர் சீஷ்யையின் கோலே பதில் சொல்லிவிட்டது.

சங்கீதத்தால் விழித்த தேசம்

ஒரு நல்ல வாத்தியார் இருந்தால் மட்டும் ஒரு தேசம் இவ்வளவு சாதித்துவிடுமா? இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. சுதந்திரத்தின் அருமையை அறிந்தவர்கள் அதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்லாந்து பல நூற்றாண்டுகள் ஸ்வீடனுக்கு அடங்கியிருந்தது. 1809-ல் ருஷ்யச் சக்கரவர்த்தியின் கைக்கு மாறியது. அந்நியர் ஆட்சியில் இருந்தபோதே, 1882-ம் வருஷம், ஹெல்சிங்கி நகரத்தார் இரண்டு காரியங்களைச் செய்தார்கள். மார்ட்டின் வேகெலியுஸ் என்பவர் ஒரு சங்கீதப் பள்ளியை நிறுவினார். அதுவே இன்றைய ஸிபேலியுஸ் அகாதெமி. ராபர்ட் காயானுஸ் என்பவர் ஒரு வாத்திய கோஷ்டியை நிறுவினார். அதுவே ஹெல்சிங்கி பில்ஹார்மோனிக். வேகெலியுஸின் பள்ளியில் பயின்றவர்தான் ஜான் ஸிபேலியுஸ் என்னும் மேதை.

1899-ல் ருஷ்ய அரசாங்கம் பின்லாந்தின் உரிமைகளை ஒவ்வொன்றாகப் பறித்தது. பத்திரிகைகளின் வாயை அடைத்தது. அவ்வருஷம் நவம்பரில் பத்திரிகைக்காரர்களின் சகாய நிதிக்கென்று ஒரு விழா நடந்தது. பெயர் சகாய நிதி, நோக்கம் தேசபக்தி. அந்த விழாவுக்காக ஸிபேலியுஸ் எழுதியதன் இறுதிப் பகுதியே பிறகு 'பின்லாந்தியா' என்று உலகப் பிரசித்தி பெற்றது. ருஷ்ய அதிகாரிகளின் கண்ணில் படாமலிருக்க அதற்கு வேறு பெயர்கள் சூட்டி வாசித்தார்கள். பாட்டில் வார்த்தை இருந்தால் தணிக்கைக்காரன் அடித்துவிடலாம்; பிடிலையும் எக்காளத்தையும் அவன் என்ன செய்வான்? 1900-ல் பாரிஸ் உலகப் பொருட்காட்சிக்குக் காயானுஸ் தம் கோஷ்டியை அழைத்துச் சென்றார். தனி ராஜ்யம் இல்லாத ஒரு தேசம் உலகத்தின் முன்னால் தன் குரலை முதலில் கேட்கச் செய்தது சங்கீத கோஷ்டியின் மூலமாகத்தான். 1917 டிசம்பர் 6-ந் தேதி பின்லாந்து சுதந்திரப் பிரகடனம் செய்துகொண்டது.

சுதந்திரம் வந்த பிறகு அந்த ஜனங்கள் பழைய கடனை மறந்துவிடவில்லை. 1960-ம் வருஷங்களின் கடைசியில் சங்கீதப் பள்ளிகளுக்கு அரசாங்க மானியம் அளிக்கச் சட்டம் இயற்றினார்கள். தூர்க்கு, தாம்பெரே, லாஹ்தி, ஓலு, குவோப்பியோ போன்ற நகரங்களிலெல்லாம் மாதச் சம்பளம் வாங்கும் வித்வான்களைக் கொண்ட கோஷ்டிகள் இருக்கின்றன. தேசம் முழுவதற்கும் சுமார் 30 கோஷ்டிகள். ஆகையால் பானுலாவின் மாணவன் பள்ளியை விட்டு வெளியே வந்தால் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சிறு ஊர்க் கோஷ்டிகளில் நின்று பழக இடம் இருக்கிறது. அவன் தவறு செய்யலாம், திருந்தலாம். பெரிய நகரங்களின் கண் படுவதற்குள் அவனுக்குக் கை படிந்துவிடுகிறது.

ஏணியில் ஏறிய வேகம்

மாக்கெலா ஏணியில் ஏறிய வேகந்தான் பிரமிக்கத் தக்கது. 2017-ல் ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்வீடிஷ் ரேடியோ கோஷ்டியை முதன்முதல் நடத்தினார். சீக்கிரத்திலேயே அதன் பிரதம விருந்துக் கண்டக்டராக நியமிக்கப்பட்டார். 2018 மே மாதம் நார்வே தேசத்து ஆஸ்லோ பில்ஹார்மோனிக் கோஷ்டியின் முன் நின்றார். அதே வருஷம் அக்டோபரில் அவர்கள், 2020 முதல் நீரே எங்கள் தலைவர் என்றார்கள். அவருக்கு அப்போது வயது 22. முதலில் மூன்று வருஷத்துக்கு என்று எழுதிய ஒப்பந்தத்தை, அவர் பதவி ஏற்பதற்கு முன்பே, ஏழு வருஷமாக நீட்டினார்கள்! 2019 ஜூனில் பாரிஸ் கோஷ்டியை முதல் தடவை நடத்தினார். அடுத்த ஜூனில் அங்கேயும் சங்கீத டைரக்டர் நியமனம். 2020 செப்டம்பரில், கொள்ளை நோயின் காரணமாகப் பெருங்கூட்டம் கூட முடியாதிருந்த காலத்தில், ஆம்ஸ்டர்டாமில் தலைகாட்டினார். இரண்டு வருஷத்துக்குள் அவர்களும் தங்கள் மாலையைப் போட்டுவிட்டார்கள். சிகாகோவில் முதல் கச்சேரி 2022 ஏப்ரலில். மாலை விழுந்தது 2024 ஏப்ரலில்.

இசைத்தட்டுக் கம்பெனியாரும் பின்வாங்கவில்லை. 2021-ல் டெக்கா கம்பெனி இவருடன் தனி ஒப்பந்தம் செய்துகொண்டது. 2022-ல் ஆஸ்லோ கோஷ்டியுடன் ஸிபேலியுஸின் ஏழு ஸிம்பொனிகளும் தொகுதியாக வெளிவந்தன. அந்தத் தொகுதியில், ஸிபேலியுஸ் முடிக்காமல் விட்டுப்போன சில துணுக்குகளும் அடங்கியிருக்கின்றன. அந்த மேதை 1924-ல் ஏழாவது ஸிம்பொனியையும், 1926-ல் 'தாப்பியோலா'வையும் எழுதிய பிறகு, பெரிய கிருதி எதையும் வெளியிடவில்லை. எட்டாவது ஸிம்பொனியின் காகிதங்களைத் தம் வீட்டு அடுப்பிலேயே போட்டு எரித்துவிட்டார். 1957-ல் காலமாகும் வரை சுமார் முப்பது வருஷ மௌனம்! ஐம்பது வயதுக்கு மேல் அம்மனிதர் அநுபவித்த தனிமையையும் வேதனையையும் இருபத்தைந்து வயது வாலிபன் எப்படி வெளிக்கொண்டு வர முடியும் என்று கேட்ட விமர்சகர்கள் உண்டு. கோஷ்டியின் நாதம் எழுந்து பொங்கும் அழகை வாய் ஓயாமல் புகழ்ந்தவர்களும் உண்டு.

ஆட்சேபமும் சமாதானமும்

விமர்சகர்களின் குறையை இரண்டாகப் பிரிக்கலாம். அழகு இருக்கிறது, ஆழம் போதவில்லை என்பது ஒன்று. ஒரே மனிதர் இத்தனை பதவிகளை வகித்தால் எதற்கும் நியாயம் செய்ய முடியாது என்பது மற்றொன்று.

முதல் ஆட்சேபத்தை நாம் அவ்வளவு பெரிதாகக் கருதவில்லை. ஆம்ஸ்டர்டாம் கோஷ்டியின் சரித்திரமே அதற்கு விடை கூறும். அந்தக் கோஷ்டி 1888-ல் ஏற்பட்டது. 1895-ல் அதற்குத் தலைவராக வந்த வில்லெம் மெங்கல்பெர்குக்கு அப்போது வயது 24. நான்கே வருஷத்தில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் போன்ற பெரிய சாகித்தியகர்த்தா தமது 'வீரனின் வாழ்வு' என்னும் படைப்பை மெங்கல்பெர்குக்கும் அவர் கோஷ்டிக்கும் சமர்ப்பணம் செய்யும் நிலைக்கு அதை உயர்த்திவிட்டார். 1945 வரையில், ஐம்பது வருஷம், அந்தப் பதவி அவரிடமே இருந்தது. ஜெர்மானிய நாஜிகள் ஹாலந்தை ஆண்டபோது அவர்களுடன் இணங்கிப் போனதால் யுத்த முடிவில் பதவியையும் மானத்தையும் ஒருங்கே இழந்தார் என்பது சோகமான பின்கதை. ஆனால் இளமையினால் அவருடைய சங்கீதத்துக்கு எந்தக் குறையும் வரவில்லை.

இரண்டாவது ஆட்சேபத்துக்குத்தான் பலம் அதிகம். மெங்கல்பெர்க் இளைஞராக வந்து ஆம்ஸ்டர்டாமில் வேரூன்றினார். அந்தக் கோஷ்டியுடனேயே வளர்ந்தார். இது ஆகாய விமான யுகம். சிகாகோ ஒப்பந்தப்படி மாக்கெலா ஒரு பருவத்தில் குறைந்தது 14 வாரம் அந்தக் கோஷ்டிக்கு அளிக்க வேண்டும். அதில் 4 வாரம் வெளியூர்ப் பிரயாணம். ஆம்ஸ்டர்டாமுக்கு 12 வாரம். இரண்டும் சேர்ந்தால் 26. வருஷத்தில் சரி பாதி. மிச்சமுள்ள பாதியில் புதிய கிருதிகளைப் படிக்க வேண்டும். கண்டம் விட்டுக் கண்டம் பறக்க வேண்டும். மனிதர் என்ற முறையில் கொஞ்சம் தூங்கவும் வேண்டும்! தலைவர் என்றால் மேடையில் நிற்பது மட்டுமல்ல. காலியான ஆசனத்துக்கு எந்த வித்வானைச் சேர்ப்பது, எந்தப் புதிய சாகித்தியகர்த்தாவைக் கை தூக்கி விடுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அமெரிக்காவில் தர்மவான்களிடம் நன்கொடை பெறுவதற்குப் பல்லைக் காட்ட வேண்டியதும் அவரே.

இதற்கு அவர் பக்கத்திலும் சமாதானம் உண்டு. 2027-ல் இரண்டு புதிய பொறுப்புகளையும் ஏற்கும்போது ஆஸ்லோ, பாரிஸ் இரண்டையும் விட்டுவிடுவதாக ஏற்பாடு. நான்கு படகில் கால் வைக்காமல் இரண்டோடு நிற்பார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2018-க்குப் பின் தலைமைக் கண்டக்டர் இல்லாதிருந்த ஆம்ஸ்டர்டாம் கோஷ்டி, யாரையோ பிடித்து உட்கார வைத்துவிடாமல், இவருக்காக 2027 வரையில் காத்திருக்கச் சம்மதித்தது. சிகாகோவிலும் ரிக்கார்டோ மூட்டி 2023-ல் விலகிய பின் நான்கு வருஷம் ஸ்தானம் காலியாக இருக்கும் என்று தெரிந்தே இவரை நியமித்தார்கள். தலை நரைத்த வித்வான்கள் ஒரு வாலிபனுக்காகக் காத்திருக்கச் சம்மதித்தார்கள் என்றால், அவர்கள் கேட்டது வெறும் மினுக்கு என்று நாம் நம்பவில்லை. ஒத்திகை அறையில் ஏமாறாத காதுகள் அவை.

ஆயினும் அந்தக் காதுகள் கேட்டது வாக்குறுதியைத்தான். அதை நிறைவேற்றி வைக்க வேண்டியது நாள்பட்ட உழைப்பு. ஓர் ஊரில் தங்கி, ஒரே நூறு பேருடன் நல்ல நாளும் பொல்லாத நாளுமாகப் பத்து வருஷம் கழித்தால்தான் கோஷ்டியின் நாதத்தில் ஒரு மனிதரின் முத்திரை விழும். மேதைமையாலும் அதைச் சுருக்க முடியாது, விமானத்தாலும் முடியாது. எனவே இந்த இளைஞரைப் பற்றி முடிவான தீர்ப்பு எழுத 2027-க்குப் பின் பல பருவங்கள் சென்றாக வேண்டும். அப்போதும் அவர் நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டார்.

பின்லாந்தைப் பற்றிய தீர்ப்புக்கு மட்டும் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை. மாக்கெலாவுக்கு அடுத்த வரிசையும் தயாராகிவிட்டது. 2000-ம் வருஷம் பிறந்த தார்மோ பெல்தோகோஸ்கி என்னும் இன்னொரு பானுலா சீடரை 2022-லேயே பிரெஞ்சு தேசத்து டூலூஸ் நகரத்தார் தங்கள் கோஷ்டிக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 1882-ல், அடிமைப்பட்டிருந்த ஒரு சிறு ஜனசமூகம், கையில் இருந்த சொற்பக் காசைக் கொண்டு ஒரு சங்கீதப் பள்ளியையும் ஒரு வாத்திய கோஷ்டியையும் ஏற்படுத்தியது. சுதந்திரத்துக்கு முன் முப்பத்தைந்து வருஷமும் சுதந்திரத்துக்குப் பின் நூறு வருஷமும் அவற்றைக் கைவிடாமல் காப்பாற்றியது. ஆம்ஸ்டர்டாமும் சிகாகோவும் இன்று பறித்துக்கொள்ளும் கனி அந்த மரத்தில் பழுத்ததுதான்.